அரை லிட்டர் ஃப்ரேம் ஆயில்

அந்த அக்கா எழுதி அனுப்பிய பட்டியலில் ஒரு தப்பும் இல்லை. பட்டியல் தப்பாக இருந்ததால்தான் சிரித்தோம் என்று பின்னாட்களில் எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சூலூரில் அம்மாவோடு இருந்தேன். சிங்காநல்லூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வார்த்து வருகிற இரும்புப் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததில் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு வைத்து ஒதுக்க வேண்டும். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அதுதான். அங்கே என்னை யாரும் பெரிதாக மதித்தது இல்லை.

செல்போனில் கதை வேறு. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. ரெடிமேடாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது என்பதால், ப்ராசஸர், போர்டு, ரேம், பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வாங்கி நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். எது எதோடு பொருந்தும், எங்கே காசைக் கொட்டலாம், எங்கே இழுத்துப் பிடிக்கலாம் என்பதுதான் அங்கே நாள் முழுக்கப் பேச்சு. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, ஆளுக்கொரு பட்டப்பெயர். நான் அதில் அட்மின். ஒருவருடைய பட்டியலை நான் 'ஓகே' என்று சொன்னால் அவர் மறுநாளே கடைக்குப் போய்விடுவார்.

நான் சேர்ந்த புதிதில் என் பட்டியலையும் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கலர் கலராக விளக்கு எரிகிற கேபினெட்டுக்குப் பணத்தையெல்லாம் போட்டுவிட்டு, உள்ளே உருப்படியாக ஒன்றும் வைக்காமல் பட்டியல் போட்டிருந்தேன். ஆறு மாதம் என்னை 'சீரியல் செட்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அட்மின் ஆனதும் அப்படிக் கூப்பிட்டவர்களில் இரண்டு பேரை வெளியே தள்ளினேன். மீதிப் பேரோடு சேர்ந்து புதிதாக வருகிறவர்களைக் கிழிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் செய்தி ஒரு மத்தியானம் வந்தது. படம் வைக்கிற இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ.

"வணக்கமுங்க. நாற்பதாயிரத்துக்குள்ள ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேக்கணுமுங்க. பட்டியல் போட்டிருக்கேன், பாத்துச் சொல்லுங்க. போன்ல விளையாடறப்போ ஃப்ரேம் ட்ராப் ஆகுதுங்க. கம்ப்யூட்டர்ல அப்படி ஆகாம இருக்க என்ன வாங்கணுமுங்க?"

கூடவே கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதிய பட்டியலின் போட்டோ. பார்த்ததும் எனக்கு ஆச்சரியம்தான். படம் காட்டும் வசதியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற ப்ராசஸர்; கிராபிக்ஸ் கார்டைப் பணம் சேர்ந்த பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பொருத்தமான போர்டு, ரேம் இரண்டு துண்டாக, நம்பகமான பவர் சப்ளை, பழைய மானிட்டர். விளக்குக்கு ஒரு பைசா போகவில்லை. நான் போட்டிருந்தாலும் இதையேதான் போட்டிருப்பேன்.

'ஓகே' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். அதற்குள் ஒருவன் "செம்பருத்தி ஆயில் விக்கற ஆளா ப்ரோ?" என்று கேட்டு, நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்காமல் அவனுக்குப் போனது பொறுக்கவில்லை. கேமில் படம் ஒரு விநாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று ஓடும். அது குறைந்தால் படம் திக்கும். அதைத்தான் ஃப்ரேம் ட்ராப் என்பார்கள். அதற்குத் தனியாக வாங்கிப் போடுகிற பொருள் எதுவும் கிடையாது. நான் எழுதினேன்:

"பட்டியல் ஓகே. ஆனா முக்கியமான ஒண்ணு விட்டுட்டீங்க. ஃப்ரேம் ஆயில். அரை லிட்டர் வாங்கி கேபினெட்டுக்குள்ள தடவணும். இல்லேன்னா ஃப்ரேம் விழுந்துட்டேதான் இருக்கும்."

பதில் உடனே வந்தது. "அப்படிங்களா. எங்க மில்லுலயும் ரிங் ஃப்ரேமுக்கு ஸ்பிண்டில் ஆயில் ஊத்துவாங்கங்க. ஊத்தலைன்னா சூடாகி நூலு அறுந்துட்டே இருக்குமுங்க. அதே மாதிரிங்களா?"

அன்று குழுவில் சிரிப்பு அடங்கவே இல்லை. நூற்பாலையில் நூல் திரிக்கிற இயந்திரத்துக்குப் பெயரே ஃப்ரேம். அதற்கு எண்ணெய் விடுவது அந்த ஆள் அன்றாடம் பார்க்கிற விஷயம், அதனால் நான் சொன்னது நியாயமாகப் பட்டிருக்கிறது. இது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தும் "அதே மாதிரிதான், ஆனா கம்ப்யூட்டர் கடையில கேட்டு வாங்குங்க" என்று எழுதினேன். எந்தக் கடை என்று கேட்டதற்குக் காந்திபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகிற கடையைச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை லீவுங்க, பதினோரு மணிக்குப் போறேனுங்க. ரொம்ப நன்றிங்க" என்று வந்தது.

குழுவிலிருந்து இரண்டு பேரும் நானும் ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கே அந்தக் கடையில் இருந்தோம். அது இரண்டாவது மாடியில் ஒரு நீளமான அறை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்போம். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஐம்பது வயதில், காக்கிச் சட்டையில் ஒரு ஆள் வருவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம்.

வந்தது ஒரு பெண். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். ஊதாப் பூப் போட்ட சேலை, கக்கத்தில் கைப்பை. படி ஏறி வந்த மூச்சு வாங்கலோடு அந்தக் கோடு போட்ட தாளை மேசைமேல் விரித்தார்.

"வாங்கம்மா, பையனுக்குங்களா?" என்றார் பாய்.

"எனக்குத்தானுங்க."

"உங்களுக்கா?"

"ஆமாங்க. விளையாடத்தானுங்க." கொஞ்சம் வெட்கப்பட்டாலும் குரலை இறக்கவில்லை. "போன்ல விளையாடிட்டிருக்கேனுங்க, தீவுல குதிச்சு நூறு பேரு சுட்டுக்கற கேமு. சாப்பாட்டு நேரத்துல எங்க செட்டுல எல்லாரும் விளையாடுவோம். எனக்கு அது பெரிய டிவில விளையாடணுமுன்னு ஆசைங்க."

பாய் பட்டியலைப் படித்துக்கொண்டே தலையாட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்களே, யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றவர் கடைசி வரியில் நின்றார். "ஃப்ரேம் ஆயில் அரை லிட்டரு... இதென்னுங்க?"

என் பக்கத்தில் நின்றவன் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினான். அங்கிருந்து அவன் சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. அந்த அக்கா படிக்கட்டைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, தப்பா எழுதிப்போட்டேனுங்களா?"

பாய் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த நொடியில் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் குழுவிலிருந்து மாதம் பத்துப் பதினைந்து பேராவது அவர் கடைக்கு வருவார்கள். அவர் குனிந்து பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

பதில் சொல்ல வேண்டியவன் நான் மட்டும்தான் என்று ஆகிப்போனது. அதுவரை செய்ததையெல்லாம் முகம் தெரியாத ஆளுக்குச் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது முகம் எதிரில் இருந்தது. புருவத்துக்கு மேல் மெல்லிய பஞ்சுத் தூசி ஒட்டியிருந்ததுகூட நினைவிருக்கிறது. நான் சொன்னேன்:

"தப்பில்லீங்கக்கா, சரியாத்தான் எழுதியிருக்கீங்க. இங்க ஸ்டாக் இல்ல, அவ்வளவுதான். நீங்க மில்லுல வேலையா?"

"ஆமாங்க தம்பி, ஸ்பின்னிங்ல. பதினோரு வருசமாச்சுங்க."

"அப்ப எதுக்குங்கக்கா காசு குடுத்து வாங்கணும்? உங்க ஸ்பிண்டில் ஆயிலே போதும். ரெண்டும் ஒண்ணுதான். கொஞ்சமா இருந்தாப் போதும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடையில் எல்லோரும் விழிக்கிற நேரத்தில் ஒருத்தன் பொறுமையாகப் பதில் சொல்கிறானே என்ற சந்தோஷம். "நல்லதுங்க தம்பி. போனஸ் அடுத்த வாரம் வருதுங்க, ஆயிலையும் வாங்கி வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கறேன். உங்க நம்பரு குடுங்க, மாட்டறப்போ சந்தேகம் வந்தாக் கேட்டுக்கறேன்" என்றார். கொடுத்தேன். தப்பான நம்பரைக் கொடுத்திருக்கலாம். அது ஏனோ தோன்றவில்லை. அவர் படி இறங்கிப் போனதும் மூன்று பேரும் பேக்கரியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நடந்ததை முழுக்கக் குழுவில் எழுதினேன். அதற்கு வந்த பாராட்டுகளைப் போல அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

பதினோரு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போக சூலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"தம்பி, நானுங்க. பாய் கடையில பாத்தமே." ஒரே மூச்சில் சொன்னார். "மில்லு கேட்டுல நிறுத்திப்போட்டாங்க தம்பி. ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ பையைச் சோதிச்சு ஆயில் பாட்டிலை எடுத்துட்டாங்க. இருமல் மருந்து பாட்டிலு தம்பி, அவ்வளவூண்டு. ஃபிட்டரு அண்ணன்கிட்டக் கேட்டுத்தான் வாங்கினேன். இப்ப அவரு நான் குடுக்கவே இல்லேங்கறாரு. திருட்டுன்னு எழுதறாங்க."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டருக்குன்னு சொன்னேன். மேனேஜரு சிரிக்கறாரு. கம்ப்யூட்டருக்கு எவனாச்சும் எண்ணெய் ஊத்துவானான்னு கேக்கறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாப் போதும் தம்பி. இவரு சொல்லித்தான் எடுத்தேன்னு நான் காட்டிக்குவேன். மில்லு சூலூருக்குப் பக்கத்துலதானுங்க, பஸ்ஸுல பத்து நிமிசம். நான் கேட்டுலயே நிக்கறேன்."

"அக்கா, நான் பெங்களூர்ல இருக்கேனுங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் அதுவாகவே சொன்னது. "வேலை விசயமா வந்தேன். வர ஒரு வாரம் ஆகுமுங்க."

அந்த நேரம் பார்த்து என் பின்னால் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கத்தினார். "சிங்காநல்லூர், காந்திபுரம்! காந்திபுரம் ஏறு, ஏறு!"



"பெங்களூர்லயும் சிங்காநல்லூர் பஸ்ஸு ஓடுதுங்களா தம்பி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "சரிங்க. ஏறிக்கோங்க, பஸ்ஸு போயிரும்" என்று வைத்துவிட்டார்.

நான் ஏறிக்கொண்டேன். அன்றைக்குக் கம்பெனியில் நல்ல பாகங்கள் நான்கில் சிவப்பைத் தொட்டு வைத்து, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மில்லுக்குப் போனேன். போகும்போதே மனதில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். கேட்டில் இரண்டு வாட்ச்மேன்கள். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற ஒரு அக்காவைப் பற்றி மேனேஜரிடம் பேச வேண்டும், எண்ணெய் விஷயம் என்றேன்.

"அது கணக்கு முடிச்சு, கையெழுத்துப் போட்டு, நேத்தே போயிருச்சுங்க" என்றார் பெரியவர். "போலீசுக்குப் போகாம இருந்தாச் செரின்னு போட்டுட்டுப் போயிருச்சு. நீங்க சொந்தமுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"கம்ப்யூட்டர் விசயமா அவங்களுக்கு..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார். "ஏப்பா, இங்க வா. எண்ணெய் ஊத்தச் சொன்ன ஆளு வந்திருக்கறாரு பாரு." இரண்டு பேரும் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஷிப்ட் மாறுகிற நேரம். வெளியே வந்த பெண்கள் சிலர் என்ன ஏதென்று நின்றார்கள். ஒருவர் சிரிக்கவில்லை, காறித் துப்பினார். என் மேல் இல்லை, மண்ணில்தான்.

"மேனேஜரைப் பாக்கறீங்களா? பாத்து என்ன ஆகப்போகுது இனி?" என்றார் வாட்ச்மேன்.

வேண்டாம் என்று திரும்பி நடந்தேன். அப்போது மனதில் இருந்தது வருத்தம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நிம்மதிதான் இருந்தது. வந்தேன், கேட்டேன், ஆள் போய்விட்டார், இனி நான் செய்ய ஒன்றுமில்லை. பஸ் வருவதற்குள் அந்த நிம்மதியிலேயே ஒரு கரும்பு ஜூஸ் குடித்தேன். அவருடைய நம்பர் என் போனில் இருந்தது. அழைக்கவில்லை. குழுவிலும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அங்கே 'ஃப்ரேம் ஆயில் போட்டீங்களா?' என்பது எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேலியாக மாறிவிட்டிருந்தது. மற்றவர்கள் எழுதும்போது நானும் சிரிக்கிற பொம்மையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் போயிருக்கும். என் பழைய கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டுப் புதிது வாங்க பாய் கடைக்குப் போனேன். மேசை முன்னால் ஸ்டூலில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். பாய் ஒரு பழைய கார்டை அவருக்காக மாட்டி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் சூட்டின் அளவு ஏறுவதை அந்த அக்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்து நிமிசம் ஓடட்டும் பாய். எண்பத்தஞ்சத் தாண்டுச்சுன்னா வேண்டாமுங்க. ஃபேன்ல ஒண்ணு சத்தம் போடுது, கேக்குதுங்களா?"

"கேக்குதும்மா. வெலையில கொறைச்சுக்கலாம்" என்றார் பாய்.

நான் பக்கத்தில் போய், "அக்கா" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "சொல்லுங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்டேன். பாய்தான் பதில் சொன்னார். அம்மா இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பதாகவும், ஒவ்வொரு மாதமும் ஒரு பாகமாக வாங்கி, தானே மாட்டிவிட்டதாகவும், கார்டு ஒன்றுதான் பாக்கி என்றும் சொன்னார். அந்த அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பையிலிருந்த என் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதை எடுத்துக்கோங்கக்கா. காசு வேண்டாம். அதைவிட இது ஒரு படி மேல. ஒன்றரை வருசம்தான் ஓடியிருக்கு."

அவர் அதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், ஸ்க்ரூவில் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்து, யாராவது கழற்றியிருக்கிறார்களா என்று பார்த்தார், ஃபேனை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பிறகு பாயிடம் கேட்டார்.

"பாய், இவரு சொல்றது நெசமுங்களா? அதைவிட இது மேலதானுங்களா?"

"மேலதாம்மா" என்றார் பாய், என்னைப் பார்க்காமல்.

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்" என்று சொல்லி, கார்டை என் பக்கமாகத் தள்ளி வைத்தார். "எனக்கு அதே போதும் பாய். பில் போட்டுருங்க."

"அக்கா, அன்னைக்கு அந்தக் குழுவுல எழுதினது நான்தானுங்க. முதல்ல ஆயில்னு சொன்னதே நான்தான்." இதைச் சொல்ல எட்டு மாதம் ஆகியிருந்தது. சொன்னதும் அவர் அதிர்ந்து போவார் என்று நினைத்தேன்.

"தெரியுமுங்க" என்றார். கைப்பையிலிருந்து போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். எங்கள் குழு. செம்பருத்திப் பூவுக்குப் பதிலாக இப்போது அங்கே ஒரு படமும் இல்லை. "கடையில நடந்ததை அன்னைக்குச் சாயங்காலமே நீங்க எழுதினீங்க. படிக்கறதுக்கு எனக்கு நேரமில்லாமப் போச்சு. வேலை போனதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். மொத்தத்தையும் படிச்சேன்."

"ஏன் வெளிய போகல?"

"எதுக்குப் போகணுமுங்க? யாராச்சும் கேட்டா நீங்கெல்லாம் நெசம் சொல்ல மாட்டீங்க. உங்களுக்குள்ள சண்டை போட்டுக்கறப்போ சொல்லிப்போடுவீங்க. எந்த பவர் சப்ளை வெடிக்கும், எந்தப் போர்டு மூணு மாசத்துல போகும்னு எல்லாம் அதுலதான் கத்துக்கிட்டேன். நடுவுல நடுவுல என்னையப் பத்தியும் வரும். அதையும் படிச்சுட்டுக் கீழ தள்ளிட்டுப் போயிருவேன். நீங்க சிரிக்கற பொம்மை போடறதையும்தான் பாப்பேன்."

"மன்னிச்சிருங்கக்கா."

"பாய், அந்த ஃபேனுக்கு எவ்வளவு கொறைச்சிருக்கீங்க?" என்றார் அவர்.

பாய் சொன்னார். அவர் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். இருவரும் பேசி முடித்தார்கள். அட்டைப்பெட்டி இல்லாத கார்டு என்பதால் பாய் அதைக் குமிழ் கவரில் சுற்றிக் கொடுக்க, அவர் ஒரு பழைய துண்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பையில் அடியில் வைத்தார். என் கார்டு மேசைமேல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அவர் எழுந்து, என் முழங்கைக்கு இடிக்காமல் ஸ்டூலை ஒதுக்கிப் போட்டுவிட்டு, "வாரேன் பாய்" என்று சொல்லிப் படி இறங்கினார்.

பாய் என் கார்டை எடுத்துப் பார்த்தார். "என்ன வெலைக்குக் குடுக்கறீங்க?" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னது மிகவும் குறைவான விலை. பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.